கூட்டத்தில் அம்மன் பாட்டு எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறிவிட்டது, வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. மாற்று வீடு கேட்டு வாரா வாரம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் கூடுகிறோம். பாட்டிமார் கற்பூரம் ஏற்றி அம்மன் பாட்டு பாடி முடிக்கவே நேரம் போய்விடுகிறது. இது உரிமைப் போராட்டம், பஜனை இல்லை என்கிறார்கள் நண்பர்கள். கூட வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்களும் வருவதில்லை. பாட்டை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பது, திருவிழா முடிந்ததும் எல்லார் முன்னாலும் கணக்கு வாசிப்பது, பந்தலுக்கு யார், சமையலுக்கு யார் என்று வேலை பிரிப்பது எல்லாம் தோட்டத்துச் சனங்கள் கோயிலில்தான் பழகினார்கள். காப்பு கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை கவிச்சி கிடையாது, கள் கிடையாது. மீறினால் குடியிருப்பு லயமே கேள்வி கேட்கும். அப்படி ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கத் தெரிந்தவர்களுக்கு வேலைநிறுத்தம் அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள், கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். அடக்கப் பட்டாளம் வந்தது. ஐந்து பேர் உயிர் போனது. போர் முடிந்த பிறகு கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தது.

அப்புறம், பாட்டு பயத்தைத் தள்ளி நிறுத்தும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்று ஒரு கறுப்பினப் பெண், பருத்தித் தோட்டத்துக்காரர். 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சிலரோடு பஸ்ஸில் போனார். திரும்பும் வழியில் போலீஸ் மடக்கியது. உள்ளே எல்லாரும் வெலவெலத்துப் போயிருந்தபோது அவர் தேவாலயப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார். அன்றைக்கே, பதினெட்டு வருடம் உழைத்த தோட்டத்தை விட்டு முதலாளி அவரை வெளியேற்றினார். உங்கள் பாட்டிமாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

ஆனால் உங்கள் நண்பர்களின் சந்தேகத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதே கோயிலில் துரைக்கு முதல் மாலை விழுந்த காலமும் உண்டு. திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்துவிட்டுச் சம்பளப் பேச்சை அமுக்கிய நிர்வாகங்கள் உண்டு. சாதிக்கு ஒரு சாமி என்று தோட்டத்துக்குள்ளேயே பிரிந்து நின்றோம். 1924-இல் வைக்கத்தில் போராட்டமே கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான். அதனால் முதல் மரியாதை யாருக்குப் போகிறது என்பதில் கண்ணாக இருங்கள். நாளைக்கு ஒரு ஒய்.பி., அதாவது எம்.பி.யோ சட்டமன்ற உறுப்பினரோ, வருவார், மாலை போடுவீர்கள், மனுவை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் கூட்டத்தில் முதல் விபூதி நோட்டீஸ் வந்த வீட்டுக்காரர்களுக்குப் போகட்டும்.

2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25 விடிவதற்குள், ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பின் பேரணிக்காகப் பத்துமலைக் கோயிலில் கூடியிருந்தவர்கள் மீது கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அன்று காந்தி படத்தைத் தூக்கிக்கொண்டு பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபம் கோயிலோடு நிற்கவில்லை. தோட்டத்தை இழந்தவர்களின் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருந்தது. ஆனால் இந்து உரிமை என்ற பெயரில் பேசியதால், அதே நிலையிலிருந்த மற்ற ஏழைகள் வெளியே நின்றார்கள். அதை இன்றும் ஓர் இழப்பாகவே பார்க்கிறேன்.

உங்கள் வங்காளதேசத் தோழர்களுக்கு வருகிறேன். அவர்களுக்குப் பாட்டுதான் தடை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஏழு மணி என்கிறீர்கள், அது மக்ரிப் தொழுகை நெருங்கும் நேரம். கூட்டத்தை எட்டு மணிக்குத் தள்ளுங்கள். அவர்கள் தொழுதுவிட்டு வரட்டும், அதற்குள் பாட்டிமாரும் பாடி முடித்திருப்பார்கள். கோயிலுக்குள்ளே வேண்டாம், காலையில் ஆள் கணக்கெடுத்த பழைய பெரட்டுக் களத்தில் உட்காருங்கள். கோரிக்கையை தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம் வாசியுங்கள். அவர்களில் ஒருவர் துஆ, அதாவது பிரார்த்தனை, செய்ய விரும்பினால் இடம் கொடுங்கள். அவர்கள் தங்கியிருக்கும் வீடுகளுக்கும் நோட்டீஸ் வந்ததா, கேட்டீர்களா?

இன்னொன்று. நோட்டீஸில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். இன்னும் வக்கீலிடம் காட்டவில்லை என்றால், இந்த வாரமே காட்டுங்கள்.