தட்டணு ஏறினால் நல்லதுதானா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ஐந்து வருடமாக சிரோசிஸ், அதாவது கல்லீரல் இறுகும் நோய். பிளேட்லெட் என்கிற தட்டணு 60,000ஐத் தாண்டியதே இல்லை. போன வாரம் 1,70,000. பப்பாளி இலைச் சாறு வேலை செய்கிறது என்று வீட்டில் ஒரே சந்தோஷம். இந்தத் தடவை கல்லீரல் ஸ்கேன் வேண்டாம் என்கிறார் அப்பா. விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடாதீர்கள். இந்த வாரமே ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.

கல்லீரல் இறுகினால் ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபாய்டின் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைந்துவிடும். அப்பாவின் 60,000 அப்படி வந்தது. டெங்குவில் காய்ச்சல் தணிந்ததும் எண்ணிக்கை தானாக ஏறும், பெயர் பப்பாளிக்குப் போகும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

அப்பா சமீபத்தில் கள்ளை நிறுத்தினாரா? கள்ளுக்குப் பேர்போன உங்கள் சித்தூர் தாலுகாவில் இதைக் கேட்காமல் முடியாது. நிறுத்திய ஓரிரு வாரத்தில் தட்டணு ஏறுவதுண்டு. அப்படியென்றால் நல்ல சேதிதான். தொற்று, ரத்தக்கசிவு, இரும்புச்சத்துக் குறைவு இவற்றாலும் ஏறலாம். கல்லீரல் புற்றுநோயிலும் ஏறலாம். சிறிய கட்டி இருப்பவர்களுக்குத் தட்டணு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கட்டி பெரிதாக உள்ள பலருக்கு இயல்பான அளவிலோ கூடுதலாகவோ இருக்கும். சில கட்டிகள் தாமே திராம்போபாய்டினைச் சுரக்கின்றன. தட்டணுவுக்குள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் புண்ணை ஆற்றுவதற்கானவை. கட்டி அவற்றையே தீனியாக்கிக் கொள்கிறது.

வேலந்தாவளத்தில் என் பெரியப்பா, 1,90,000 என்ற எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நாங்களும் மகிழ்ந்தோம், ஸ்கேனை மறந்தோம். எட்டு மாதம் கழித்து எடுத்தபோது கட்டி ஒன்பது சென்டிமீட்டர்.

இன்னொன்று. ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்களை ஸ்வீடனில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களில் பத்தாண்டில் கல்லீரல் புற்று வந்தது 4 சதவீதம், எடுக்காதவர்களில் 8.3. ஆஸ்பிரின் தட்டணுவை அடக்கும் மருந்து. இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு நீங்களாக மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். சிரோசிஸில் உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால் ரத்த வாந்தி எடுத்துவிடும், உயிருக்கே ஆபத்து.

ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட், கூடவே கல்லீரல் புற்றுக்கான ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. கோவையோ திருச்சூரோ, எங்கு போனாலும் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோய் 60,000க்கும் 1,70,000க்கும் நடுவில் என்ன நடந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். சாறு குடிப்பதையும் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.