94 சதவீதம் வசூல், ஆனாலும் கோடிக்கணக்கில் பாக்கி: எந்தச் சொத்து வரிக் கணக்கை நம்புவது?

கேள்வி: எங்கள் நகராட்சி இந்த ஆண்டு சொத்து வரியில் 94 சதவீதம் வசூலித்துவிட்டதாக மார்ச் கடைசியில் செய்தி வந்தது. அடுத்த மாதம் நடந்த மன்றக் கூட்டத்தில், வரி நிலுவை கோடிக்கணக்கில் இருப்பதால் மழைநீர் வடிகால் வேலைக்குப் பணமில்லை என்றார்கள். நான் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். இதில் எது பொய்? நாங்களே சரிபார்க்க முடியுமா?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை, அங்கேதான் சிக்கல்.

வருவாய்ப் பிரிவில் மூன்று சொற்கள் புழங்கும்: கேட்பு, வசூல், நிலுவை. இந்த ஆண்டுக்கு உங்கள் ஊர் கட்டவேண்டியது நடப்புக் கேட்பு. போன ஆண்டுகளில் கட்டாமல் விட்டது நிலுவைக் கேட்பு. ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். நடப்புக் கேட்பு 10 கோடி ரூபாய், பழைய நிலுவை 6 கோடி. ஆண்டு முடிவில் நடப்பில் 9 கோடியே 40 லட்சமும், பழைய பாக்கியில் 60 லட்சமும் வந்திருக்கின்றன. நடப்பை மட்டும் பார்த்தால் 94 சதவீதம். மொத்த வசூலை மொத்தக் கேட்போடு வைத்தால் 62.5 சதவீதம். மொத்த வசூலை நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டு 100 சதவீதம் என்று பேனர் கட்டுகிறவர்களும் இருப்பார்கள். இப்போது நிலுவையைப் பாருங்கள். நடப்பில் விட்டது 60 லட்சம், பழையதில் மிச்சம் 5 கோடியே 40 லட்சம். ஆக, அதே 6 கோடி. 94 சதவீதம் வசூலித்தும் பாக்கி ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை!

ஆகவே சதவீதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். வசூலான தொகையை ஓரளவு நம்பலாம். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள், தணிக்கையும் வருகிறது. மார்ச் 31 அன்று வாங்கிய காசோலை ஏப்ரலில் திரும்பி வருவது போன்ற சில்லறைக் கோளாறுகள் இருக்கலாம், அவ்வளவுதான். பலவீனமான கால் கேட்புதான். அது அலுவலகம் தானே எழுதிக்கொள்ளும் தொகை.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்து நான்கு ஃபிளாட் கட்டுகிறார்கள். நான்குக்கும் புதிய வரிவிதிப்பு எண் கிடைத்துவிடுகிறது, பழைய எண்ணை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை கணினி அந்த இல்லாத வீட்டுக்கும் வரி ஏற்றும், தாமத வட்டியும் போடும். பத்து ஆண்டில் அது நல்ல தொகையாகிவிடும். உங்கள் மன்றத்தில் படித்த நிலுவையில் இப்படி ஆளில்லாத பாக்கி எவ்வளவு, வழக்கில் சிக்கியது எவ்வளவு, உண்மையிலேயே ஏமாற்றுகிறவர்களுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அந்தத் தொகைக்கு அர்த்தம்.

எதிர்ப்புறமும் உண்டு. அதே தெருவில் தரைத்தளத்துக்கு மட்டும் வரி போட்ட வீட்டில் மேலே இரண்டு மாடி எழும்பியிருக்கும், கீழே கடையும் நடக்கும். பதிவேட்டில் அது இன்னும் ஒற்றைத் தளக் குடியிருப்புதான். அவர் ஒழுங்காகக் கட்டுவார், கணக்கில் 100 சதவீத வசூலாகவும் நிற்பார். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் மத்திய அரசு செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் அளந்து பார்த்தது. வரக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் அந்த நகரங்கள் வசூலிக்கவில்லை என்று தெரிந்தது. நகராட்சிப் புள்ளிவிவரத்தில் இந்த ஓட்டை தெரியவே தெரியாது, ஏனென்றால் வரி போடாத கட்டடம் கேட்பிலேயே இல்லை. விட்டுப்போன கட்டடங்களைத் தேடிப் பிடிக்கும் ஆணையருக்குக் கேட்பு ஏறி, முதல் ஆண்டில் சதவீதம் இறங்கும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2022-இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். அந்த ஆண்டு வசூல் எகிறியதை வைத்து நிர்வாகம் திறம்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. எல்லையும் மாறும். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள தொகைகளை அருகருகே வைப்பதே தப்பு. உங்கள் ஊரோடு பக்கத்து ஊராட்சிகள் இணைந்திருந்தால் அந்த ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் எது என்பதையும் பாருங்கள். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று பத்தி இருக்கும்: உண்மைக் கணக்கு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. முதலாவதைத் தவிர மற்றவை எதிர்பார்ப்புதான். ஆண்டுக் கணக்கறிக்கையில் வேறொரு பொறி. அங்கே வரவு என்று காட்டுவது கையில் வந்த பணத்தை அல்ல, வரவேண்டிய கேட்பை. வராத பணம் நகராட்சியின் சொத்துகளைக் காட்டும் பக்கத்தில் நிலுவையாக உட்கார்ந்திருக்கும். அப்புறம், வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா, நகராட்சியின் பணமே அல்ல. அது நூலகத் துறைக்குப் போகவேண்டும். அதைச் சேர்த்துச் சொன்னார்களா, கழித்தா என்று கேளுங்கள்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "வசூல் ஏன் குறைந்தது" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த ஐந்து நிதியாண்டுகளுக்கும் வார்டு வாரியாகத் தொடக்க நிலுவை, நடப்புக் கேட்பு, இரண்டிலும் வசூல், தள்ளுபடி, இறுதி நிலுவை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று இருந்த வரிவிதிப்புகளின் எண்ணிக்கை. நீதிமன்ற வழக்கில் நிற்கும் தொகை. கடைசித் தணிக்கை அறிக்கையில் சொத்து வரி பற்றிய பத்திகளின் நகல். 30 நாளில் பதில் வரவேண்டும்.

வந்ததும் முதலில் ஒரே ஒரு சோதனை போடுங்கள். ஓர் ஆண்டின் இறுதி நிலுவையும் அடுத்த ஆண்டின் தொடக்க நிலுவையும் ஒன்றாக இருக்கவேண்டும். மார்ச் 31 இரவில் 6 கோடி இருந்தது ஏப்ரல் 1 காலையில் 5 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தால், அந்த 80 லட்சத்துக்குத் தள்ளுபடித் தீர்மானமோ ரத்து உத்தரவோ இருக்கவேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன 94 சதவீதத்துக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, வரிவிதிப்பு எண்ணிக்கை. உங்கள் சங்க எல்லையில் எத்தனை கதவு என்பது உங்களுக்கே தெரியும். நான்கைந்து தெருக்களை நடந்து எண்ணி, அதே தெருக்களுக்கான வரிவிதிப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். யார் வீடு என்று பெயர் குறிக்கவேண்டாம், அக்கம்பக்கத்துச் சண்டையாகிவிடும். எண்ணிக்கை வித்தியாசத்தை மட்டும் எழுதி, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கொடுத்து, கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.