பற்று நோட்டும் பெரிய கடையும் – கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரியில் உங்கள் மாமா தன் மளிகைக் கடையை மூடியது பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். 38 வருஷம் நடந்த கடை. படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பழியைப் பெரிய கடையின் மேல் போடுகிறீர்களே, அது சரியா?

நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மா கோத்தகிரிப் பக்கத்தில் அரவேணுவில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வரும்போது டவுனில் புதிதாக வந்த பெரிய கடையில்தான் மளிகை வாங்கிப் போடுகிறேன். முந்நூறு, நானூறு ரூபாய் மிச்சமாகிறது. தேதி பார்த்து எடுக்கலாம், பில் தருகிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் காலாவதியான பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தால் சண்டைக்கு வருகிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வந்தால்தான் ஆபத்து என்றார்கள். இது நம் நாட்டுக் கம்பெனிதானே? நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேருக்கு வேலையும் கொடுத்திருக்கிறது. சின்னக் கடைகள் மூடுவதில் பழைய நினைவைத் தாண்டி வருத்தப்பட ஏதாவது இருக்கிறதா? நான் அங்கே வாங்குவது தப்பா?

எஸ்., அரவேணு

அன்புள்ள எஸ்.,

நேற்று நானும் அந்தக் கடையில்தான் எண்ணெய் வாங்கினேன். லிட்டருக்கு 11 ரூபாய் குறைவு. எனவே உங்களைக் குற்றம் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மாமாவையும் புனிதராக்க விரும்பவில்லை. சீசனில் வெளியூர்க் காரைப் பார்த்தால் அவர் கடையில் விலை தானாக ஏறும். பற்றுக்கு, அதாவது நோட்டில் எழுதிக் கடனுக்கு வாங்குகிறவர்களுக்குப் பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட. அதை அவர்களும் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். கடன் நிற்கிறவரைக்கும் வேறு கடைக்குப் போகவும் முடியாது. நோட்டில் பெயர் இருப்பது ஒருவகையில் கயிறுதான். அந்தக் கயிற்றைப் பாசம் என்று நான் எழுதியிருந்தால் அது என் தப்பு.

உங்கள் பிஸ்கட் விவகாரத்துக்கு மட்டும் ஒரு விளக்கம். கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுகிற ஏஜென்சிக்காரர், காலாவதியானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சின்னக் கடைகளை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். மாமா வீட்டுப் பரணில் அப்படி இரண்டு அட்டைப்பெட்டி கடைசிவரை கிடந்தது. அதற்காக அதை உங்கள் அம்மாவிடம் விற்கலாம் என்று ஆகாது. சண்டைக்கு வருவதற்குக் காரணம் அதுதான், அவ்வளவே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா கடையின் மாத வியாபாரம் சுமார் நான்கு லட்சம். அதில் இரண்டரை லட்சம் பற்று, மீதி ரொக்கம். பற்று நோட்டு என்பது நீளவாட்டில் தைத்த பழுப்பு அட்டை நோட்டு. பக்கத்துக்கு ஒரு குடும்பம். முழுப்பெயர் ஒன்றுகூட இருக்காது. 'டவர் வீட்டு அக்கா', 'டிரைவர் மணி', 'லைன் வீடு பெரிய சரசு', 'லைன் வீடு சின்ன சரசு' என்று இருக்கும். லைன் வீடு என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு. பச்சை மையில் வரவு, நீல மையில் பற்று. தீர்ந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டை மாமா ஸ்கேல் வைத்துத்தான் போடுவார். அவர் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது என்று அத்தை சொல்வார்.

இந்த மலையில் பற்று ஏன் இவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சிறு தேயிலை விவசாயி இந்த மாதம் பறித்த இலையை ஃபேக்டரிக்குப் போட்டால் காசு அடுத்த மாதம்தான் வரும். டீ போர்டு மாதாமாதம் அறிவிக்கிற விலை எவ்வளவு என்பது இலையைப் போட்ட பிறகுதான் தெரியும். எஸ்டேட் தொழிலாளிக்குச் சம்பளப் பட்டுவாடா மாதத்தில் ஒரு நாள். அரிசி தினமும் வேண்டும். நடுவில் இருக்கும் முப்பது நாற்பது நாளைத்தான் மாமா விற்றுக்கொண்டிருந்தார். பருப்பும் சோப்பும் அந்த நாட்களோடு சேர்ந்து போகிற சாமான்.

ஆனால் அவருக்கு யார் கடன் கொடுத்தது? குன்னூர் ஏஜென்சி வண்டி ஒரு வாரம் தவணை கொடுக்கும். மேட்டுப்பாளையம் அரிசி மண்டி பத்து நாள். வாரத் தவணைக்கு எடுத்து மாதத் தவணைக்கு விற்றால் கல்லா எப்படி நிற்கும்? ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களால் நின்றது. வாத்தியார்கள், பேங்க் ஊழியர்கள், காட்டேஜ் நடத்துகிறவர்கள், கண்டக்டர்கள். அவர்கள் தருகிற நோட்டை அப்படியே மடித்து ஏஜென்சிப் பையனிடம் கொடுத்துவிட்டுத்தான் சரசுவுக்கு மாமா சீரகம் மடித்தார். இது அந்த வாத்தியாருக்கும் தெரியாது, சரசுவுக்கும் தெரியாது.

பெரிய கடை வந்ததும் முதலில் அங்கே போனது யார் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் கையில் உள்ளவர்கள், ஸ்கூட்டர் உள்ளவர்கள், மொத்தமாக வாங்கிப் போட முடிந்தவர்கள். அதாவது நீங்களும் நானும். எட்டு மாதத்தில் கல்லா காலியானது. நோட்டின் தடிமன் மட்டும் குறையவே இல்லை. பெரிய கடை எங்களிடமிருந்து வியாபாரத்தை எடுத்துக்கொண்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எடுத்துக்கொண்டது ரொக்கத்தை மட்டும்தான். கடனை எங்களிடமே விட்டுவிட்டது. விற்பனை குறைந்ததும் ஏஜென்சி வண்டி வாரத்துக்கு ஒருமுறை என்பதைப் பதினைந்து நாளாக்கியது, பிறகு 'லைன் கட்டாகலைங்க அண்ணாச்சி', அதாவது இந்தப் பக்கம் வண்டி வருவது கட்டுப்படியாகவில்லை என்று பணத்தை முன்னால் கேட்டது. அதோடு முடிந்தது.

விலையில் போட்டி போட்டிருக்கலாமே என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். முடியாது. கம்பெனி பெரிய கடைக்கு நேரடியாகக் கொடுக்கிற விலை, ஏஜென்சிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. இது எங்கள் புலம்பல் மட்டுமல்ல. நாடு முழுக்க உள்ள விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பே 2021 கடைசியில் இதை எதிர்த்துக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. மாமாவே ஒருமுறை அந்தக் கடையில் ஆஃபரில் இருந்த சோப்பைப் பெட்டியோடு வாங்கி வந்து தன் கடையில் விற்றார். ஏஜென்சி விலையைவிட அது மலிவு!

வெளிநாட்டுக் கம்பெனி பற்றி. 2012ல் பல பிராண்டு சில்லறை விற்பனையில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு என்று சொன்னார்கள். ஜெயலலிதா தமிழ்நாட்டில் விடமாட்டேன் என்றார். அந்தச் சண்டையில் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெரிய கடையைக் கவனிக்கவில்லை. ஒரு தமாஷ் என்னவென்றால், இந்தியாவின் பழைய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒன்று இந்த மலையில் பிறந்ததுதான். 1905ல் குன்னூர்ப் பக்கம் வெண்ணெய் வியாபாரமாக ஆரம்பித்து, 1936ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போன நீல்கிரிஸ். 2014ல் அதை ஃப்யூச்சர் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமத்தின் பிக் பஜார் கடைகள் 2022ல் மூடப்பட்டன. பெரியதாக இருப்பதாலேயே ஒரு கடை நிலைத்துவிடாது.

அமெரிக்காவில் இதற்கு இன்னும் மோசமான ஓர் உதாரணம் உண்டு. வட கரோலினாவில் ஓரியன்டல் என்று ஒரு சின்ன ஊர், ஆயிரம் பேர்கூடக் கிடையாது. 2014ல் அங்கே வால்மார்ட் ஒரு சிறிய கடை திறந்தது. ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த மளிகைக் கடை அடுத்த ஆண்டே மூடியது. 2016 ஜனவரியில் உலகம் முழுக்க 269 கடைகளை மூடுவதாக வால்மார்ட் அறிவித்தபோது அந்தக் கடையும் பட்டியலில் இருந்தது. ஊருக்கு இரண்டும் இல்லாமல் போனது.

வேலைவாய்ப்பு விஷயத்தில் பொருளியல் ஆய்வாளர்களே ஒருமுகமாக இல்லை. 2005ல் வந்த ஓர் ஆய்வு வால்மார்ட் வந்த இடத்தில் சில்லறை வேலைகள் கொஞ்சம் கூடின என்றது. 2008ல் வந்த இன்னொன்று, அங்கே ஒருவருக்குக் கிடைத்த வேலைக்கு ஈடாகச் சுமார் 1.4 வேலை மற்ற கடைகளில் போனது என்றது. நம் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் அயோவா மாநிலம். அங்கே கென்னத் ஸ்டோன் என்ற பேராசிரியர் 1980களின் கடைசியிலிருந்து ஊர் ஊராக விற்பனை வரிக் கணக்கை எடுத்து அலசினார். வால்மார்ட் வந்த ஊரில் மொத்த விற்பனை முதலில் கூடியது. அங்கே அதே சாமானை விற்றவர்கள் நொடித்தார்கள், ஹோட்டல் மாதிரி வேறு எதையாவது விற்றவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. பலமாக அடிவாங்கியவை வால்மார்ட் வராத சுற்றுவட்டாரச் சின்ன ஊர்கள். கோத்தகிரியில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பெரிய கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இப்போது உட்கார இடம் கிடைப்பதில்லை. ஹட்டிகளில், அதாவது சுற்றியுள்ள படுகர் ஊர்களில் இருந்த ஒற்றைக் கடைகள்தான் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. 2024ல் பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ் மலைக்கும் வந்தது. அருமையான திட்டம், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் டவுனுக்குப் போய்வர இருந்த பஸ் செலவுதான் ஊர்க் கடைக்கு வேலியாக இருந்தது. அந்த வேலி போய்விட்டது.

இப்போது சரசுக்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய கடையில் நோட்டு கிடையாது. மாதக் கடைசியில் அரிசிக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் எடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தவணை கட்டியாக வேண்டும், மழையானாலும் சரி. மாமாவின் கிலோவுக்கு இரண்டு ரூபாயோடு அந்த வட்டியை ஒப்பிட்டு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாமா எவ்வளவோ மேல். அவர் தர்மவான் என்பதால் இல்லை. அவர் சரசு வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தார். வேலை இல்லாத வாரம் எது என்று அவருக்கே தெரியும்.

2009 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்குமா? சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். மலை முழுக்கச் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், கீழே போகிற பாதையெல்லாம் அடைபட்டது. மாமா கடையில் பதினோரு மூட்டை அரிசி இருந்தது. வீட்டுக்கு இரண்டு கிலோ என்று அளந்து, கரண்ட் இல்லாமல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டில் எழுதினார். அதே தெருவில் மெழுகுவத்தியை இரட்டை விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். தினமும் கோவை கிடங்கிலிருந்து லாரி வந்தால்தான் தட்டு நிறையும் என்கிற கடை அப்படி ஒரு வாரத்தை எப்படித் தாண்டும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

நீங்கள் செய்வது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. அரிசி, எண்ணெய், பருப்பை அங்கேயே வாங்குங்கள், நானூறு ரூபாய் சின்னக் காசில்லை. முட்டை, தேங்காய், தீப்பெட்டி, ஊதுபத்தி மாதிரி இடையில் தீர்கிறதை ஊர்க் கடையில் வாங்குங்கள். முக்கியமாக ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். தெரிந்த கடைதானே, அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். அந்தக் கடைக்காரருக்குக் கடன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு கொடுக்கிறவர்கள்தான் இல்லை.

அடுத்தமுறை வரும்போது அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் வாங்கிப் போடுகிற மளிகை மாதக் கடைசிவரை வருகிறதா, இல்லை ஊர்க் கடை நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் ஓடுகிறதா என்று. என் அம்மாவுக்கு ஓடியது. மாமா கடையை மூடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, 1,340 ரூபாய்.