தயிர்ச் சட்டியும் தம்பியின் கோபமும்

அக்கா, எனக்கு 31 வயது. காவேரிப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், அம்மா வீடு பாலக்கோடு பக்கம். தம்பி ஜெர்மனியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். போன ஜனவரியில் எங்களிடம் சொல்லாமல் நண்பர்களோடு ஆஸ்திரியாவுக்குப் போய், பனிச்சறுக்கு விளையாடும்போது விழுந்து தலையில் அடி. ஹெல்மெட் போட்டிருந்தும் ஒன்பது நாள் நினைவில்லை. ஏப்ரலில் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டோம். நடக்கிறான், சாப்பிடுகிறான், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டதையே பத்து தடவை கேட்கிறான், தட்டைத் தூக்கி எறிகிறான், என் குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். ‘கடன் வாங்கிப் படிக்க அனுப்பினா பனியில விளையாடப் போயிருக்கான்’ என்று அப்பா அவனிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. யார் வந்தாலும் அம்மா அவனை உள்ரூமில் வைத்து ‘தூங்குறான்’ என்கிறார். நான் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி ஓடுகிறேன், வீட்டுக்காரர் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார். இது என் தம்பியே இல்லை அக்கா. எப்போது பழையபடி ஆவான்?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே பேசுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேதி யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் பணம் கொடுத்துவிடாதே. பொதுவாக முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுபோகாது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறவர்கள் உண்டு. சில விஷயங்கள் முழுசாகத் திரும்பாமலும் போகலாம். இதை மறைத்துவிட்டு உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹெல்மெட் போட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருப்பாய்தானே? டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் சட்டி உடையாது, உள்ளே தயிர் கலங்கிவிடும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், வேகத்தில் வந்து மோதும்போது உள்ளே மூளை அலைந்து ஓட்டில் இடிப்பதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது. அதற்காக ஹெல்மெட் வீண் என்று நினைத்துவிடாதே. கார் ரேஸில் ஏழு தடவை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸில் மேரிபெல் என்ற இடத்தில் பனிச்சறுக்கும்போது விழுந்து, பாறையில் தலை மோதியது. அவரும் ஹெல்மெட் போட்டிருந்தார். அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கே உயிரோடு வந்திருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். உன் தம்பி எழுந்து நடக்கிறான் என்றால் அதில் அந்த ஹெல்மெட்டுக்கும் பங்கு இருக்கும்.

இப்படி அடிபடும்போது அதிகம் மாட்டுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி. கோபம் வந்தால் ‘பொறு, அப்பா இருக்காரு’ என்று நம்மை இழுத்துப் பிடிக்கிற பிரேக் அங்கேதான் இருக்கிறது. அவனுக்கு இப்போது பிரேக் பிடிக்கவில்லை. தட்டு பறந்ததை அப்படித்தான் பார்க்கவேண்டும். காலில் கட்டு போட்டிருந்தால் ‘ஓடுடா’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் காயத்துக்கு வெளியே கட்டு இல்லை, ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிவதால் எல்லோரும் பழைய ஆளையே எதிர்பார்க்கிறீர்கள்.

எங்கள் மாமா ஒருவர் ஊத்தங்கரைப் பக்கம் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தவர். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கும் இதே கோபம்தான். ஒரு நாள் மிக்ஸி சத்தத்துக்கு எழுந்துபோய் ஒயரையே பிடுங்கிவிட்டார். அத்தை அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் கவனிக்கிறவர். காலையில் நன்றாகத்தான் இருக்கிறார், மதியம் மூன்று மணிக்கு மேல்தான் ஆள் மாறுகிறார் என்று பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டார். மூளை சீக்கிரம் களைத்துப்போகிறது, களைத்தால் கோபம். அரைப்பது இடிப்பது எல்லாம் காலையோடு முடிந்தது, டிவி நின்றது, மதியம் ஒரு மணி நேரம் கட்டாயத் தூக்கம். அப்புறம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ‘இன்னைக்கு புதன். குளிச்சாச்சு. மாத்திரை போட்டாச்சு. தங்கராசு வந்துட்டுப் போனான்’ என்று எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் குத்தி வைப்பார். மாமா கேட்டதையே கேட்க ஆரம்பித்தால் பதில் சொல்ல மாட்டார், சுவரைக் காட்டுவார். கொஞ்ச நாளில் மாமாவே எழுந்துபோய்ப் பார்க்க ஆரம்பித்தார். நீங்களும் இதைச் செய்யலாம், செல்போன் அலாரமும் வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு பேச்சு.

அப்பாவுக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் புளியமரத்தில் இருந்து விழுந்தவர் இல்லாத ஊரைக் காட்டு பார்ப்போம். மாமா விழுந்தபோது ‘ஏன் ஏறினே’ என்று ஒருத்தர் கேட்கவில்லை, பிழைப்புக்கு ஏறினார் என்று விட்டுவிட்டார்கள். உன் தம்பி சந்தோஷத்துக்கு ஏறினான், அதுதான் உங்கள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊர்களில் குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகள்கூடப் பனிச்சறுக்கு பழகுகிறார்கள், கூடப் படிக்கிறவர்கள் கூப்பிட்டால் போகாமல் இருக்க அவன் என்ன சாமியாரா? சொல்லாமல் போனது தப்புதான், சரி. அந்தத் தப்புக்கு ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தது போதாதா? ஆனால் இதை வைத்து அப்பாவிடம் வாதாடாதே, ஜெயிக்க மாட்டாய். அவருக்கு முக்கால்வாசி பயம் கடனைப் பற்றியது. மருத்துவப் பேப்பர்களை எடுத்துக்கொண்டு அவரோடு பேங்குக்குப் போ, கடனோடு இன்சூரன்ஸ் ஏதாவது சேர்த்துப் போட்டார்களா என்று பார், தவணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கேள். அப்புறம் காலையில் தக்காளித் தோட்டத்துக்குப் போகும்போது இவனையும் கூட்டிப்போகச் சொல். பேச வேண்டாம், கூட நடந்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடவேண்டும்.

அம்மா மறைப்பதில் எனக்கு இரண்டு மனம் இருக்கிறது. ஷூமாக்கர் குடும்பம் பத்து வருஷத்துக்கு மேலாக அவர் எப்படி இருக்கிறார் என்று வெளியே சொல்லவில்லை, அது அவர்கள் உரிமை. உங்கள் அம்மாவும் தெருவுக்கெல்லாம் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஆள் வரும்போதெல்லாம் உள்ளே அனுப்பினால், தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள் என்பது அவனுக்குப் புரியும். மறதி இருக்கிறதே தவிர மானம் போய்விடவில்லை. ‘தலையில அடி, தேறிட்டு வரான், சத்தம் மட்டும் ஆகாது’ என்ற ஒரே வரியை அம்மாவுக்குச் சொல்லிக்கொடு. அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்குப் போடவேண்டும் என்றால் தாராளமாகப் போடட்டும், ஆனால் தேய்பிறை அஷ்டமிக் கூட்டத்துக்குள் அவனை இழுத்துப்போக வேண்டாம்.

உன் கடிதத்தில் டாக்டர் என்ற சொல்லே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மூளைக்கும் மனநலத்துக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி, அதுவும் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. இந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் இதற்கென்றே பிரிவு உண்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரையும் ஸ்கேன் சிடியையும் எடுத்துப்போ, ஜெர்மன் மொழியில் இருந்தால் இங்கிலீஷில் மாற்றி வாங்கிவிடு. மறதிக்கும் கோபத்துக்கும் பயிற்சி உண்டா, மாத்திரை தேவையா என்று நேராகக் கேள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. பைக் சாவி அவன் கைக்குப் போகக்கூடாது, டாக்டர் சரி என்கிற வரைக்கும். சாராயம் அறவே கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108 கூப்பிடு.

உன் வீட்டுக்காரர் முகம் சுளிப்பதைக் கேட்டதும் எனக்கும் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் இதுவரை பார்த்தது நீ களைத்துத் திரும்பி வருவதை மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிப்போய் ஒரு முழு நாள் உட்காரவை. மூன்று நாளை இரண்டாகக் குறை, மிச்சத்தைப் பெரியம்மா பிள்ளைகள் யாராவது பார்க்கட்டும், கேட்டால்தானே வருவார்கள். ராத்திரி தூக்கம் வராமல் அழுகை வந்தால் 14416-க்குப் போன் போடு, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு இல்லை, தமிழில் பேசலாம். தம்பி இல்லை இது என்று எழுதியிருந்தாயே, அதை அவர்களிடம் சத்தமாகச் சொல்லிப் பார். ஆள் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்த மாதிரி அழுவது இந்த மாதிரி வீடுகளில் நடக்கிறதுதான், நீ ஒன்றும் பாவம் செய்யவில்லை.

குழந்தையோடு போகிற நாளில் காலை முதல் பஸ்ஸுக்கே போய்விடு, மூன்று மணிக்குள் கிளம்பிவிடு. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.