விண்கலத்துக்கு நேரம் வகுக்கும் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகளுக்கு விண்வெளியும் பிடிக்கிறது, நிரல் எழுதுவதும் பிடிக்கிறது, இரண்டில் எதை விடச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் விடச் சொல்லாதீர்கள். இரண்டும் சேர்ந்தே தேவைப்படும் வேலை ஒன்று உண்டு. ஒரு விண்கலம் எந்த ஆய்வை எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்று வகுத்துத் தரும் மென்பொருளை உருவாக்குவதுதான் அது.

ஹபிள் தொலைநோக்கி சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி நேரம் பல இலக்குகளைப் பூமியே மறைத்துக்கொள்ளும். கிடைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் கேட்டு விஞ்ஞானிகள் விண்ணப்பிக்கிறார்கள். இந்த நெருக்கடியைச் சமாளிக்க எழுதப்பட்டதுதான் 'ஸ்பைக்' என்ற மென்பொருள். பின்னாளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் செவ்வாயில் இறங்கியபோது 'மேப்ஜென்' என்ற திட்டமிடும் மென்பொருள் கருவி வந்தது. ஒரு விஞ்ஞானி பாறையைப் படமெடுக்க வேண்டும் என்பார். இன்னொருவர் மண்ணை ஆராய வேண்டும் என்பார். சூரியத் தகடுகள் தரும் மின்சாரமோ அளவானது. திட்டமிடுபவர் திரையில் ஒரு வேலையை நகர்த்தினால், அதோடு பிணைந்த மற்ற வேலைகளைக் கருவியே விதி மீறாமல் நகர்த்திக் கொடுக்கும். முடிவெடுப்பது மட்டும் மனிதர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். தன் ஆய்வுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்று ஒரு விஞ்ஞானி கேட்டால், அவருக்குப் புரியும் பதிலைத் தரும் கருவியை வடிவமைப்பவர்கள் குறைவு. அதற்குப் பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறதா என்பது அவளுடைய மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியம்.

படிப்பைப் பொறுத்தவரை, விண்வெளிப் பொறியியல்தான் வேண்டும் என்பதில்லை. கணினி அறிவியல் போதும். இயற்பியலைக் கைவிடாமல் இருந்தால் நல்லது. இருக்கும் நேரத்தையும் வளத்தையும் கணக்குப் போட்டுச் சிறப்பாகப் பங்கிடக் கற்றுத்தரும் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' பாடம் இருக்கும் கல்லூரியாகப் பாருங்கள். விண்வெளித் துறையில் இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. பல அரசு விண்வெளி அமைப்புகள் தம் நாட்டுக் குடிமக்களையே எடுக்கின்றன. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். விமானப் பணியாளர்களுக்கும் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் பணிமுறை வகுப்பதும் இதே கணக்குதான். இங்கே கற்றது அங்கேயும் சோறு போடும்.

விடுமுறையில் அவள் ஒரு பயிற்சி செய்யட்டும். பத்து ஆய்வுகள், ஒரு பேட்டரி, தரவை அனுப்ப ஒரே ஆன்டெனா. இவற்றுக்கு ஒரு நாள் அட்டவணை போடும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதட்டும். இத்தகைய கணக்குகளைத் தீர்க்க உதவும் 'ஓஆர்-டூல்ஸ்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு பேட்டரியின் அளவைப் பாதியாக்கி, எந்த ஆய்வு விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று உங்களுக்கே விளக்கட்டும். அந்த விளக்கம் உங்களுக்குப் புரிந்ததா என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.