முதுகு காட்டும் மனிதர்கள்

அன்புள்ள சார்,

பாறை உச்சியில் ஒருவர் நின்று கீழே பனிமூட்டத்தைப் பார்க்கும் ஓவியத்தை என் மகன் கணினித் திரையில் வைத்திருக்கிறான். வரைந்தவர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் என்று தேடித் தெரிந்துகொண்டேன். மற்ற படங்களையும் பார்த்தால் பெரும்பாலும் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். இவருக்கு முகம் வரைய வராதோ? சிறு வயதில் தம்பி இறந்த துக்கத்தைத்தான் வாழ்நாள் முழுக்க வரைந்தார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முகம் வராது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 1810 வாக்கில் அவர் தன்னையே சுண்ணக்கோலால் வரைந்த படம் பெர்லினில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். தேடிப் பாருங்கள். அந்தக் கண்கள் உறுத்துப் பார்ப்பதில் கொஞ்சம் பயமே வரும்.

தம்பி விஷயம் உண்மை. 1774இல் பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். அப்பா சோப்பும் மெழுகுவத்தியும் செய்பவர். சிறு வயதிலேயே அம்மா போனார். பதின்மூன்று வயதில், உறைபனி உடைந்து தம்பி தண்ணீரில் மூழ்கினான். சரி, ஆனால் அதையே எல்லாப் படத்துக்கும் சாவியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1823-24இல் வரைந்த ‘பனிக்கடல்’ படத்தைக் காட்டித்தான் இதைச் சொல்வார்கள். குத்திட்டு நிற்கும் பனிப்பாளங்கள், ஓரத்தில் நொறுங்கிய கப்பல். துருவக் கடலை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவர் வாழ்ந்த டிரெஸ்டனில் எல்பே ஆறு உறைந்து உடைந்த குளிர்காலத்தில், பாளங்களைக் கூர்ந்து பார்த்து வரைந்து வைத்துக்கொண்டார். துக்கம் இருந்திருக்கலாம், ஆனால் படத்தில் தெரிவது அந்த உழைப்பு.

உங்கள் மகன் வைத்திருக்கும் படமும் அப்படித்தான். அந்தக் காட்சியை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. எல்பே மணற்கல் மலைகளில் அங்கங்கே வரைந்த பாறைகளை வீட்டில் உட்கார்ந்து சேர்த்துக் கட்டியது.

முதுகுக்கு வருகிறேன். ‘கடலோரத் துறவி’யைப் பார்த்தீர்களா? கீழே ஒரு கீற்று மணல், கருத்த கடல், மீதியெல்லாம் வானம். அதில் எறும்பளவுக்கு ஒரு துறவி. அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது, முதலில் அவர் கப்பல்களும் வரைந்திருந்தது தெரிந்தது. பிறகு அவற்றை எடுத்துவிட்டார். கப்பல் இருந்தால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பார்க்கிறவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அந்தப் பிடியைத்தான் பிடுங்கிக்கொண்டார். 1810இல் பெர்லினில் இது காட்சிக்கு வந்தபோது, கண்ணிமைகளை வெட்டிவிட்டாற்போல் இருக்கிறது என்று எழுதினார் ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட். பிரஷ்ய மன்னர் விலைக்கு வாங்கினார்.

முகமும் அந்தக் கப்பல் மாதிரிதான் என்று நினைக்கிறேன். பாறை மேல் நிற்பவர் திரும்பியிருந்தால், ஆள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருப்போம். பனிமூட்டத்தை யார் பார்ப்பது?

அவருடைய பட்டறையை நண்பர் கெர்ஸ்டிங் சில முறை வரைந்திருக்கிறார். வெறும் சுவர், பாதி அடைத்த ஜன்னல், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். பெர்லினில் உள்ள படத்தில் ஃப்ரீட்ரிஷ் நாற்காலி முதுகில் சாய்ந்து நிற்கிறார். அவர் முகம் நமக்குத் தெரிகிறது. அவர் வரைந்துகொண்டிருக்கும் ஓவியம்தான் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது.