ஆப்பிள் வேணாம், பழைய வேட்டி இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேங்க்ல ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க ஊர்ல ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கு, முப்பது பெட்டுதான். பேரன் பொறந்தநாளுக்கு அங்க ஆப்பிள், பன், பிஸ்கட்னு வாங்கிட்டுப் போனா, நர்ஸம்மா நிமிர்ந்துகூட பாக்காம "அந்த டேபிள் மேல வெச்சுட்டுப் போங்க சார்"னுட்டாங்க. உதவி பண்ண வர்றவங்கள இப்படியா நடத்துறது? – வாசகர், தேனி

பதில்: கோவிச்சுக்காதீங்க சார். வார்டுல நாலு பேருக்கு சுகர் இருக்கும், ரெண்டு பேருக்கு ஆபரேஷன்னு பச்சத்தண்ணிகூட குடுக்காம வெச்சிருப்பாங்க, இதுல பன்னு யாருக்குக் குடுக்கலாம் யாருக்குக் கூடாதுன்னு பிரிச்சுக்கிட்டு நிக்க அந்தம்மாவுக்கு எங்க நேரம்? போட்டோ வேற எடுத்தீங்களா? நீங்க எழுதல, அதான் கேக்குறேன்.

எங்க அப்பா நாப்பது நாள் ஒரு சின்ன ஆஸ்பத்திரில படுத்தபடுக்கையா கெடந்தாரு, முதுகெல்லாம் புண்ணு. செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு பாட்டி மஞ்சப்பையும் கத்தரிக்கோலுமா வந்துருவாங்க. தெருத்தெருவா பழைய வேட்டி கேட்டு வாங்கி, வெந்நியில துவைச்சு காயவெச்சு எடுத்துட்டு வந்து, வராண்டாவுல உக்காந்து மொதல்ல கரைய வெட்டி எடுப்பாங்க, கரை புண்ணுல உரசுமாம். அப்புறம் அடியில விரிக்க ஒரு அளவு, துடைக்க ஒரு அளவுன்னு கிழிச்சு மடிச்சு அடுக்கிட்டு, ஒரு டீய குடிச்சுட்டு கிளம்பிருவாங்க. புதுத்துணி மொடமொடன்னு இருக்கும், கட்டிக்கட்டி நைஞ்ச வேட்டிதான்பா இந்த முதுகுக்கு ஆகும்னாங்க. அவங்க வராத ஒரு செவ்வாக்கெழம நர்ஸுங்க மூணு தடவ வாசலப் பாத்தாங்க, நானே எண்ணுனேன்.

நீங்க வேட்டி கிழிக்க வேணாம், உங்களுக்குத்தான் கணக்கு தெரியுமே. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் போய் "புதன்கிழம ரெண்டு மணிநேரம் வரேன், என்ன வேல கெடக்கு"ன்னு கேளுங்க. நன்கொடை ரசீது பாதி எடத்துல ஒழுங்கா இருக்காது, ரெண்டாயிரத்துக்கு மேல கேஷா குடுத்தா வரிச்சலுகை கெடைக்காதுங்கறதே குடுக்குறவங்களுக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இருந்தா இன்னும் வேல இருக்கு, வருமானச் சான்றிதழுக்கு யாரப் பாக்கணும், ரேஷன் கார்டுல பேரு இல்லன்னா என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுட்டு நிக்கிற சனங்களுக்கு ஒரு பேனாவோட உக்காந்து எழுதிக் குடுக்க ஆள் வேணும்.

சின்ன ஆஸ்பத்திரிதானேன்னு நெனைக்காதீங்க, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டே 1954ல வெறும் 12 பெட்டோட ஆரம்பிச்சதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கச்சிய கேன்சருக்குப் பறிகுடுத்தவங்க, இந்திய மாதர் சங்கத்துல இருந்துட்டு வசூல் பண்ணி வசூல் பண்ணித்தான் அத எழுப்புனாங்க.

கேள்வி: வீட்ல மிச்சமான மாத்திரையெல்லாம் ஒரு பை நெறைய இருக்கு. தர்ம ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: வேணாம்மா. நாலு மாத்திரைய வெட்டி எடுத்த அட்டையில எக்ஸ்பயரி தேதி வெட்டுன பக்கத்தோட போயிருக்கும், அத வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க, தூக்கிப் போடற வேலதான் அவங்க தலையில விழும். பிரிக்காத அட்டையா, தேதி தெளிவா இருந்தா மட்டும் போன் பண்ணி ஒருவார்த்த கேட்டுக்கோங்க.

கேள்வி: வயசு 62. இதுவரைக்கும் ரத்தம் குடுத்ததில்ல. இப்ப ஆரம்பிக்கலாமா? – வாசகர், விருதுநகர்

பதில்: லேட் பண்ணிட்டீங்க சார். மொதத்தடவ குடுக்குறவங்களுக்கு 60 வரைக்கும்தான், ஏற்கனவே குடுத்துப் பழகுனவங்கன்னா 65 வரைக்கும் எடுப்பாங்க. வீட்ல பசங்க இருந்தா, 18 முடிஞ்சு 45 கிலோவுக்கு மேல இருந்தா போதும், ஆம்பளப் பசங்க மூணு மாசத்துக்கு ஒருதடவ, பொண்ணுங்க நாலு மாசத்துக்கு ஒருதடவ குடுக்கலாம். அவங்கள எழுப்பிக் கூட்டிட்டுப் போற வேலய நீங்க பாருங்க, ஞாயித்துக்கெழம காலைல அது லேசுப்பட்ட வேல இல்ல.